மழை விடுப்பு

நாட்டுக்கு மழை வரைகிறவன் நான். சொல்லும்போது கடவுள் உத்தியோகம் மாதிரி இருக்கும். உண்மையில், வானிலை மைய அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஏசி பழுதான ஓர் அறையில் உட்கார்ந்து, வரைபடத்தின் மேல் மேகப் படங்களை இழுத்து இழுத்து ஒட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒட்டுகிறேன். நாட்டுக்கே வெயில் எச்சரிக்கை தயாராகும் அறையில் இருப்பது ஒரு மேசை விசிறி. அதுவும் என் பக்கம் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கும்.

எங்கள் நாடு பெரியது. கிழக்குக் கரையில் ஒருவர் குளித்து முடித்து வேலைக்குக் கிளம்பும்போது மேற்கு மலையில் ஒருவர் இன்னும் புரண்டு படுத்திருப்பார். இத்தனை பெரிய நாட்டின் கோடையைச் சொல்ல என்னிடம் இருப்பவை பதினாறு படங்கள். சூரியனில் மட்டும் நாலு வகை. அதில் ஒன்று கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும். ஆனால் இடிக்கு ஒரே படம்: ஒரு மேகம், ஒரு மின்னல், கீழே மூன்று துளி.

அந்த மூன்று துளியைப் போட்டது நான்தான். சேர்ந்த புதிதில் வெறும் மேகமும் மின்னலும் மட்டும் வரைந்திருந்தேன். அப்போதைய இயக்குநர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “என்னப்பா, ஆட்டுக்கு ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் ஆடாகத்தான் தெரிந்தது. இரண்டு துளி சேர்த்தேன். ஆடு அழுவது போல ஆகிவிட்டது. மூன்றாவதைப் போட்டதும் மேகம் என்று ஒப்புக்கொண்டார். இதில் இருந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். அதை நம்பித்தான் நாடு முழுக்கக் கொடியிலிருந்து துணி எடுக்கிறார்கள்.

துணி எடுத்தால் பரவாயில்லை. வனத்துறையும் அதைத்தான் நம்புகிறது. மலைமேல் துளி போட்ட மேகம் வந்தால் மறுநாள் அங்கே ‘மழை விடுப்பு’ என்று ஒரு விதி. மழை பெய்தால் காடு பற்றாது, பற்றாத தீயைப் பார்க்க ஆள் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. தீ பார்க்கும் கோபுரங்களைப் பூட்டிவிட்டு ஆட்களை இறக்கிவிடுவார்கள். தண்ணீர் லாரிகளை வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு கோபுரத்தில் என் அக்கா இருக்கிறாள். கோடை ஆறு மாதமும், பதினெட்டு மீட்டர் உயரத்தில், ஒரு தகரக் கூண்டுக்குள். நாலு பக்கமும் கண்ணாடி. நடுவில் வரைபடம் ஒட்டிய வட்ட மேசை. மின்னல் வெட்டும்போது காலைத் தூக்கி வைத்து உட்கார, மின்சாரம் ஏறாத கண்ணாடிக் கால் பொருத்திய ஒரு ஸ்டூல். எங்கே புகை கிளம்பினாலும் எத்தனை டிகிரியில் என்று பார்த்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனில் சொல்ல வேண்டும். கீழே பள்ளத்தாக்கில் நாற்பத்து மூன்று வீடு, வெளியே போக ஒரே ரோடு. அதில் ஒரு வீட்டில், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட அத்தான் காலை நீட்டி உட்கார்ந்து, மேலே இருக்கிற மனைவிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்று காலை பத்து மணிக்கு அக்கா வழக்கம்போல போன் செய்தாள்.

“டேய், மேகம் விக்கிறவனே, இங்க ஈரப்பதம் ஒன்பது.”

“ஒன்பதா? தொண்ணூறை அப்படிச் சொல்றியா?”

“தொண்ணூறா இருந்தா துணி காயலன்னு புலம்பிட்டு இருப்பேன். ஒன்பதுடா. இலையை மிதிச்சா கண்ணாடி மாதிரி நொறுங்குது. ஒரு ஒழுங்கான மேகமாப் பாத்து அனுப்பேன்.”

“கேட்டுச் சொல்றேன். ஸ்டாக் இருக்கான்னு பாக்கணும்.”

ஸ்டாக் இருந்தது. அதுதான் வினை. பதினொரு மணிக்குக் கணிப்பு மேடம் தன் திரையை என் பக்கம் திருப்பினார். என் மகள் வயதுதான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக எனக்கு விளங்காத வானத்தை அவர் பேப்பர் படிப்பது போலப் படிப்பார்.

“சார், நாளைக்கு மதியம் மேற்கு மலையில இடி.”

“அப்பாடா.”

“அப்பாடா இல்ல சார். மேகம் தரையிலேர்ந்து மூணரை கிலோமீட்டர் மேல நிக்கிது. அதுக்குக் கீழ காத்து சருகா காஞ்சு கெடக்கு. மழை கிளம்பும், பாதி வழியிலேயே ஆவியாப் போயிடும். தரைக்கு வர்றது மின்னல் மட்டும்தான்.”

“அதாவது தீக்குச்சி வரும், தண்ணி வராது.”

“அதேதான். அதுக்கு ஒரு படம் குடுங்க.”

பதினாறையும் பார்த்தேன். வரைபடத்துக்கு அடியில் ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. அதில் நாற்பது எழுத்துதான் பிடிக்கும். மேடம் எழுதிய எச்சரிக்கையை ஒட்டினேன். ‘மேற்கு மலைத்தொடரில் நாளை மதியம் இடியுடன்’ என்ற அளவிலேயே பெட்டி நிரம்பி, மிச்சத்துக்கு மூன்று புள்ளி வைத்துக்கொண்டது. மழை தரையை எட்டாது என்கிற சமாச்சாரம் அந்தப் புள்ளிகளுக்குள் போய்விட்டது. டிவிக்காரர்கள் அந்தப் பெட்டியைக் காட்டுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

பழைய படத்தைத் திறந்து மூன்று துளியையும் அழித்தேன். மறுபடி ஆடு வந்தது. வரட்டும் என்று அச்செடுத்துக்கொண்டு, இருவருமாக இயக்குநர் அறைக்குப் போனோம்.

இப்போதைய இயக்குநருக்கு ஆபீசில் ‘முத்திரை’ என்று பெயர். முத்திரை விழாத காகிதத்தை அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் அறையில் ஏசி ஓடும். வெயில் என்பது அவரைப் பொறுத்தவரை மூன்றாம் மாடியிலிருந்து வரும் ஒரு கோப்பு.

“இது என்ன படம்?”

“வறட்டு இடி சார். மழையில்லாம மின்னல் மட்டும்.”

“பட்டியல்ல இருக்கா?”

“இல்ல சார். இப்பதான் போட்டேன்.”

“பட்டியல்ல இல்லாத வானிலையை நாம எப்படி அறிவிக்க முடியும்?” என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. “படக் கமிட்டிக்கு எழுதுங்க. கோடை முடிஞ்சதும் கூடுவாங்க.”

மேடம் வாயைத் திறந்தார். “சார், துளி போட்டா மழை விடுப்பு விட்டுருவாங்க. கோபுரத்துல ஆள் இருக்காது. லாரி இருக்காது. அங்க ஈரப்பதம் ஒன்பது.”

“இடி வருமா வராதா?”

“வரும்.”

“அப்ப இடிக்குரிய படத்தைப் போடுங்க. தப்பா எதுவும் சொல்லலியே நாம.” என் பக்கம் திரும்பினார். “மழைன்னா ஜனங்க சந்தோஷப்படுவாங்க. இந்த வெயில்ல அதைக் கெடுப்பானேன்? ரெண்டு வாரமா வெயில் எச்சரிக்கைன்னு செகப்பு செகப்பாப் போட்டு, சுற்றுலாக்காரங்க அமைச்சருக்குப் போன் போட்டாச்சு, தெரியுமில்ல?”

தெரியும். நான் தலையாட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. இருபத்திரண்டு வருடத்தில் நான் அந்த அறையில் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

மூன்றாம் மாடிக்கு ஏறும்போதுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் மாடிப்படியில்தான் வரும், எதிராளி இல்லாத இடமாகப் பார்த்து. வரைபடம் நாலு மணிக்குப் போக வேண்டும். மூன்று ஐம்பத்தைந்துக்கு, நாடு முழுவதும் பட்டியல்படி ஒட்டிவிட்டு, மேற்கு மலைமேல் மட்டும் துளியில்லாத மேகத்தை வைத்தேன். அடியில், ஆபத்தைக் காட்ட அடர் சிவப்பு. மேடம் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, “நான் எதையும் பாக்கல சார், சீக்கிரம் அனுப்புங்க” என்றார். என் பதிவு எண்ணைப் போட்டு அனுப்பினேன். வனத்துறைத் தலைமைக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று.

ஆறரை மணிச் செய்தியை வீட்டில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தேன் என்றே சொல்லலாம். வரைபடம் வந்தது. மேற்கு மலைமேல் மேகம் இருந்தது, மின்னல் இருந்தது, கீழே அழகாக மூன்று துளியும் இருந்தது. சிவப்பைக் காணோம்.

என்ன நடந்தது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. டிவியில் வரைபடத்தைப் பளபளப்பாக்கிப் போடுகிறவர். முகம் பார்த்ததில்லை, பத்து வருடமாகக் குரல் பழக்கம்.

“அண்ணே, உங்களுக்கு வேலை ஜாஸ்தியா? மேற்கால துளி விட்டுப்போச்சு. கலர் வேற சிந்தி இருந்துச்சு. நானே சரி பண்ணிட்டேன். மேல யாருக்கும் சொல்லல, பயப்படாதீங்க.”

என்னத்தைச் சொல்ல. என் வேலை போய்விடக் கூடாதே என்று நல்ல மனதோடு செய்திருக்கிறார். திட்டவும் வாய் வரவில்லை. “தம்பி, அது வேணும்னே விட்டது” என்றேன்.  அவர், “அடுத்த செய்தி காலைல தான் அண்ணே. மாத்தணும்னா எழுத்து மூலமா வேணுமே” என்றார். எழுத்து மூலம் கொடுக்க வேண்டியவர் முத்திரை.

வனத்துறையின் மலைச்சரகத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். எங்கள் வரைபடம் அவர்கள் தலைமை அலுவலகத்தில் மூன்று மேசை தாண்டி அங்கே போய்ச் சேர ஒரு நாள் ஆகும். அதனால் அவர்கள் டிவியைத்தான் பார்ப்பார்கள்.

“சார், படத்துல மூணு துளி இருக்கு” என்றார் பணியில் இருந்தவர். “லாரியெல்லாம் ஏற்கெனவே தெற்குச் சரகத்துக்குக் கிளம்பியாச்சு.”

“அந்தத் துளியைக் கண்டுபிடிச்சவனே நான்தாங்க. சொல்றேன், மழை வராது.”

“நீங்க யாரா வேணா இருங்க. உங்க போனை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது?”

கடைசியாக அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஆடு உட்பட.  

“நாளைக்குப் பத்து மணிக்குச் சாவியை ஒப்படைச்சுட்டு இறங்கணும்னு ஆர்டர் வந்தாச்சு” என்றாள். “இப்ப நீ என்ன சொல்ற, இறங்கவா வேணாமா?”

தகரக் கூண்டு. சுற்றிலும் மின்னல். உடன்பிறந்தவளை அங்கே இரு என்று எந்த வாயால் சொல்வது? இறங்கு என்றால் கீழே நாற்பத்து மூன்று வீடு. “ஈரப்பதம் இப்ப எவ்வளவு?” என்று கேட்டேன்.

“சரி விடு. உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு” என்றாள். “ஸ்டூல் இருக்குல்ல. உக்காந்து பாத்துக்கறேன். சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்.”

மறுநாள் மதியம் இரண்டு இருபதுக்கு முதல் மின்னல் தரையில் இறங்கியது. இரண்டு இருபத்து மூன்றுக்கு அக்கா கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, இருநூற்றுப் பதினாலு டிகிரியில் புகை என்றாள். “அங்கதான் மழையாச்சே மேடம், நீங்க ஏன் மேல இருக்கீங்க?” என்று கேட்டார்களாம். இரண்டாவது புகை, மூன்றாவது புகை. லாரி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டுக் கீழே ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்பத்தொரு அழைப்பு. போனே இல்லாத இரண்டு வீட்டுக்கும் எடுக்காத வீடுகளுக்கும் பக்கத்து வீட்டை விரட்டினாள். அத்தானை இருவர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலியில் இருந்தபடியே அவர் எல்லாருக்கும் வழி சொன்னாராம். நாலு மணிக்குள் அந்த ஒற்றை ரோடு வழியாகப் பள்ளத்தாக்கே காலியானது. ஒருவர்கூடச் சாகவில்லை.

வீடுகளில் பத்தொன்பது போயிற்று. இரண்டு நாள் கழித்து அக்கா தன் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

“பூட்டு பத்திரமா இருக்குடா. கதவுதான் இல்ல.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் மூன்று காகிதம் வந்தது. மூன்றையும் அப்படியே சொல்கிறேன், நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கக் கூடாது.

முதலாவது, எங்கள் அலுவலகத்தின் சரிபார்ப்புப் பட்டியல். மேற்கு மலை. கணிப்பு: இடியுடன் மழை. நிகழ்ந்தது: இடி, அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் அளவிட முடியாத தூறல். முடிவு: சரி. அந்த மாதத்தின் துல்லியத்துக்காக இயக்குநருக்குப் பாராட்டு.

இரண்டாவது, அக்காவிடம் விளக்கம் கேட்டு வனத்துறையின் கடிதம். மழை விடுப்பு நாளில் அனுமதியின்றிக் கோபுரத்தில் இருந்தது ஏன்? அலுவலகத் தொலைபேசியில் நாற்பத்தொரு தனிப்பட்ட அழைப்புகள் செய்தது ஏன்? பதில் வரும்வரை அவளை வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை. ஆள் பற்றாக்குறையாம், வடக்கே அடுத்த மலையில் இருக்கும் கோபுரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். குற்றப்பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டு அவள் அங்கே புகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது காகிதத்தை முத்திரை தன் அறையில் என் முன்னால் நகர்த்திவைத்தார். நான் அனுப்பிய துளியில்லாத வரைபடம் கவனக்குறைவால் நேர்ந்த வரைவுப் பிழை என்றும், டிவியில் வந்ததே அலுவலகத்தின் வரைபடம் என்றும் அதில் தட்டச்சாகியிருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“போட்டுட்டீங்கன்னா உங்க மேல எதுவும் வராது” என்றார். குரல் ரொம்ப அன்பாக இருந்தது. “நாலு வருஷத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க.”

“எங்க அக்காவுக்கு சார்?”

“அது வேற துறை.”

“அன்னிக்கு மழைன்னு ரெக்கார்டுல ஆயிடுச்சுன்னா, மழை விடுப்புல அவ மேல இருந்தது குத்தமாயிடும். மழை வராதுன்னு இந்த ஆபீஸ் சொன்னதுக்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தப் படம். அதைப் பிழைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?”

“உணர்ச்சிவசப்படாதீங்க. கணிப்பு சரின்னு பட்டியலே சொல்லுது.”

“பத்தொன்பது வீடு சார்.”

“வீடு நம்ம பட்டியல்ல வராதுங்க.”

இந்த முறை எனக்குக் கோபம் மாடிப்படிவரை காத்திருக்கவில்லை. அந்த ஏசி அறையிலேயே வியர்த்தது. நான் மேசையைத் தட்டவில்லை. தட்டினால் எனக்குத்தான் வலிக்கும், பழக்கமில்லை. பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டேன்.

“போட மாட்டேன் சார்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். “போட மாட்டேன். தெரியாம விட்டது இல்ல. தெரிஞ்சுதான் அழிச்சேன். அப்படியே எழுதித் தர்றேன். வனத்துறைக்கும் ஒரு நகல் அனுப்பறேன்.”

கதவருகே மேடம் நின்றிருந்தார். கையில் அன்றைய தன் கணிப்புக் குறிப்பு, தேதி, நேரம், கையெழுத்தோடு. “இதையும் சேர்த்து அனுப்புங்க சார். அன்னிக்கு ஜன்னல் பக்கம் திரும்பி இருந்திருக்கக் கூடாது நான்.”

“ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை வரும்” என்றார் முத்திரை. வரட்டும். வந்தது. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்கு ரத்தக்கொதிப்பு வரும், எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்கும் நாலு மணி வரத்தான் செய்யும். மேலே போனதும் மேடம் திரையைத் திருப்பினார். நாளை மதியம், வடக்கு மலை. மேகம் நாலு கிலோமீட்டர் உயரத்தில். ஈரப்பதம் எட்டு. அந்த மலையில் ஒன்பது கோபுரம். ஒன்றில் என் அக்கா.

பதினாறு படத்தையும் பார்த்தேன். பதினேழாவதை வரைந்து, அதையும் யாராவது நல்ல மனதோடு திருத்துவதற்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. வடக்கு மலையைப் படமில்லாமல் காலியாக விட்டேன். அதன் மேல் எழுத ஆரம்பித்தேன். மூன்று மாவட்டத்தையும் கடலில் ஒரு மூலையையும் மறைத்துக்கொண்டு எழுத்து ஓடியது: ‘நாளை மதியம் மின்னல் விழும். மழை விழாது. கோபுரங்களில் ஆள் இருக்க வேண்டும். லாரிகளை வேறு பக்கம் அனுப்பாதீர்கள்.’ கீழே மேடத்தின் பதவியும் என் பதிவு எண்ணும். இருபத்திரண்டு வருடத்தில் நான் போட்ட வரைபடங்களிலேயே அவலட்சணமானது அதுதான்.

அனுப்பிவிட்டு டிவிக்காரரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, எழுத்து மூலமா கேட்டியே. வந்திருக்கு பாரு. எதையும் சரி பண்ணிடாத.”

அவர் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது.  அந்தப் பத்தொன்பது வீட்டை அவருடைய டிவிதான் ஊருக்கே காட்டியது.

“அண்ணே” என்றார். “எழுத்து சின்னதா இருக்கு. இன்னும் பெருசாப் போடவா?”

“போடு” என்றேன்.